கிணற்றடியில் ஒரு நிமிடம்

அன்னூரில் ஆண்டெல்லாம் ஓடுகிற ஆறு கிடையாது. மேட்டுப்பாளையத்துக்குப் பவானி இருக்கிறது, திருப்பூருக்கு நொய்யல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இந்த மேட்டுப் பூமி கிணற்றை நம்பிப் பிழைத்தது. கருங்கல் பாறையை வெடி வைத்துப் பிளந்து, அறுபது எழுபது அடிக்குக் கீழே கொண்டுபோன கிணறுகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. பேரிடர் மீட்பு என்றதும் நமக்குப் புயலும் வெள்ளமும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் பேரிடர் ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் வருகிறது, அதுவும் கிணற்றடியில்.

இப்படி வைத்துக்கொள்வோம். கோடை. கிணற்றில் தண்ணீர் அற்றுப் போயிருக்கிறது. தூர் வார ஒருவர் இறங்குகிறார். அடியைத் தொட்டவர் இரண்டு கூடை சேறு அள்ளுவதற்குள் வெட்டிய வாழைபோலச் சாய்கிறார். மேலே நிற்கும் தம்பி, “அண்ணா!” என்று கத்திக்கொண்டே கயிற்றைப் பிடிக்கிறான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “இரு சாமி, எறங்காத!” என்கிறார். அவனுக்கு அந்த நேரத்தில் அவர் எமனாகத் தெரிவார். ஆனால் மீட்புப் பயிற்சி வகுப்பு எதிலும் முதலில் சொல்லித்தரப்படுவது இந்த ஒரு வாக்கியம்தான். அது ஏன் சரி என்பதற்கு வேதியியலும் உடலியலும் பதில் வைத்திருக்கின்றன.

2025 ஏப்ரல் 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில், கோண்டாவத் என்ற கிராமத்தில், கங்கௌர் திருவிழாவுக்காக ஊர்ப் பொதுக்கிணற்றைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். முதலில் இறங்கியவர்கள் மயங்கினார்கள். அவர்களைத் தூக்கச் சிலர் இறங்கினார்கள். மொத்தம் எட்டுப் பேர் இறந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கோழையல்ல. கோழையாக இருந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார தேசிய நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை ஒன்றில் இதே கதை எண்ணாக வந்திருக்கிறது. தொட்டி, குழி, சாக்கடைக் குழாய் போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள்.

கிணற்றுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கிணற்றின் அடியில் இலைதழை விழுந்து மட்கிக் கிடக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் தேங்கினால், தானாக எழுந்து வெளியே போகாது. குறுகலான ஆழ்கிணற்றில் அதைக் கலைக்கக் காற்றும் வீசுவதில்லை. சேற்றைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும். கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டியிருந்தாலோ, பாறைக்கு வெடி வைத்திருந்தாலோ கார்பன் மோனாக்சைடும் உண்டு.

ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குக் கீழே போனால் முதலில் கெடுவது முடிவெடுக்கும் திறன். மேலே ஏறிவிட வேண்டும் என்ற எண்ணமே வராது. பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். கிட்டத்தட்ட ஆக்சிஜனே இல்லாத காற்றில் ஒன்றிரண்டு மூச்சு போதும். இங்கே பலர் ஒரு கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். “என்னால் ஒரு நிமிசம் தம் கட்ட முடியும், அதற்குள் தூக்கிவிடுவேன்” என்று நினைக்கிறார்கள். தம் கட்டும்போது நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் கீழே எண்பது கிலோ மனிதரைத் தூக்க முயன்றால் தம் உடைந்துவிடும். அப்போது உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் இல்லை. இரத்தத்தில் இருப்பது நுரையீரலுக்கே திரும்பி, வெளிமூச்சோடு போய்விடுகிறது. ஆக்சிஜன் அற்ற காற்றை ஒரு தடவை இழுப்பது, இழுக்காமல் இருப்பதைவிடக் கேடு.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல. உடலில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான். ஆகவே ஆக்சிஜன் மட்டும் குறைந்து, மற்றது கூடாமல் இருக்கும் காற்றில் ஒருவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. நன்றாகத்தான் இருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டே என்றால், அளவு கூடியதும் அது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் அது அதிகமாக இருக்கிறது.

நேற்று இறங்கிய கிணறுதானே என்ற சமாதானமும் செல்லாது. கிணறு மூச்சு விடும். பாறை இடுக்குகளிலும் மண்ணிலும் இருக்கும் காற்று, வளிமண்டல அழுத்தம் கூடும்போது உள்வாங்கும், குறையும்போது வெளியேறும். மழை கட்டிக்கொண்டு வருகிற நாளில் அழுத்தம் இறங்குகிறது. மண்ணுக்குள் இருந்த ஆக்சிஜன் குறைந்த காற்று கிணற்றுக்குள் கசிந்து நிறைகிறது. காலையில் இருந்த கிணறு சாயங்காலம் அதே கிணறு அல்ல.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்தார்கள். இரண்டும் அறிவுள்ள வேலை. ஆனால் சுடர் அணைவது ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போதுதான். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு சாவதானமாக எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குக் காரணமாகும். எனவே விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது உண்மை. எரிந்தால் இறங்கலாம் என்பது உண்மையல்ல. மீட்புப் படையினர் இன்று கையில் வைத்திருப்பது நான்கு வாயு மானி. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அளக்கும், கைப்பேசி அளவுக் கருவி. கயிற்றில் கட்டி இறக்கி, மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களில் பார்ப்பார்கள். ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே காட்டினால் மூச்சுக்கருவி இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது.

அந்தத் தம்பியிடம் திரும்பி வருவோம். பெரியவர் பிடித்துக்கொண்ட அந்த ஒரு நிமிடத்தில் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. 101-க்கு ஒருவர் பேச வேண்டும். கிணற்றுக்குள் ஓடும் இன்ஜினை நிறுத்த வேண்டும். கம்ப்ரசர் குழாயோ ஊதுவிசிறியோ கிடைத்தால் அடிமட்டம் வரை இறக்கி வெளிக்காற்றைச் செலுத்த வேண்டும். கீழே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரை நினைவில் இருந்தால் கயிற்றைத் தானே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இறங்கும்போதே அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனை மேலே இருந்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. யாரும் இறங்காமலே தூக்கியிருக்கலாம்.

கயிறு என்றதும் நம் கை போவது மோட்டார் ரூமில் கிடக்கும் மஞ்சள் கயிற்றுக்கு. கடையில் நைலான் என்று விற்றாலும் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, தண்ணீரில் மிதக்கும். முழுகுகிறவருக்கு வீசுவதற்கு அருமையான கயிறு. ஆளைத் தொங்கவிடுவதற்கு மோசமான கயிறு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் இழைகளை நொறுக்கிவிடும், முடிச்சும் வழுக்கும். மீட்புக் கயிறு வேறு. உள்ளே பாரம் தாங்கும் இழைக்கட்டு, வெளியே அதைக் காக்கும் பின்னலுறை. 11 மில்லிமீட்டர் தடிமனே இருந்தாலும் இரண்டரை, மூன்று டன் வரை தாங்கும். அதில் ஒரு முடிச்சுப் போட்டாலே பலத்தில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போய்விடுகிறது. வளைவில் வெளிப்பக்க இழைகள் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ள, உள்பக்க இழைகள் சும்மா கிடக்கின்றன. வளைவு இதமாக இருக்கும் எட்டு வடிவ முடிச்சைப் பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் அளவுக்குப் பழக்குவது இதனால்தான். நாற்காலி முடிச்சு என்றொன்று உண்டு. ஒரே கயிற்றில் தொடைக்கு ஒரு வளையம், மார்புக்கு ஒரு வளையம். வேறு எந்தச் சாதனமும் இல்லாதபோது ஆளை உட்காரவைத்துத் தூக்க உதவும்.

கிணற்று விளிம்பில் துருத்தும் கல், பாரம் ஏறிய கயிற்றை அறுத்துவிடும். அங்கே நாலு மடிப்புச் சாக்கு போட வேண்டும். இந்த ஒரு சாக்கு, விலை உயர்ந்த கயிற்றைவிட அதிக உயிர் காக்கும் என்பது என் துணிபு.

தூக்குவதற்கு டிராக்டரைக் கட்டி இழுப்பது நம் பக்கத்தில் பலருக்கும் உடனே தோன்றும் யோசனை. வேண்டவே வேண்டாம். மனிதக் கைக்குப் பாரம் தெரியும். தூக்கப்படுபவரின் தோள் ஒரு படிக்கல்லில் மாட்டினால் இழுப்பவர் கை உடனே உணரும். டிராக்டர் உணராது, இழுத்துக்கொண்டே போகும். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிற்றைக் கட்டும் தறியாக அதைப் பயன்படுத்தலாம். இழுப்பதற்கு ஆளும் கப்பியும் போதும். கயிற்றை இரண்டு கப்பிகள் வழியே மூன்று புரியாக ஓடவிட்டால் 75 கிலோ மனிதரைத் தூக்க ஏட்டுக்கணக்கில் 25 கிலோ விசை. உராய்வையும் சேர்த்தால் முப்பது, முப்பத்தைந்து. விசை மூன்றில் ஒன்றானதற்குக் கூலி, கயிற்றின் நீளத்தில் போகிறது. ஒரு அடி தூக்க மூன்று அடி இழுக்க வேண்டும். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துத் தாத்தாக்களுக்கு வடத்தின் இழுவையும் உருளையின் ஓட்டமும் உடம்போடு ஊறியிருந்தன. மின்மோட்டார் வந்த பிறகு ஒரு தலைமுறைக்கே கயிற்றோடு பழக்கம் விட்டுப்போனது. பயிற்சி வகுப்புகள் அந்தப் பழக்கத்தைத்தான் மீட்டுத் தர வேண்டியிருக்கிறது.

இப்போது நிலம் மாறிவருகிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சியை ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் ஏற்பாடு. அன்னூர் வட்டாரத்துக் குளங்களும் அதில் உண்டு. மூன்று தலைமுறை கேட்டுப் பெற்ற தண்ணீர், கொண்டாட வேண்டியதுதான். கூடவே இதையும் எண்ண வேண்டும். வறண்ட குளத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கரைகளில் நிற்கிறார்கள். சுரைப்புருடையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய அப்பன்மாருக்குப் பிறந்தவர்கள், நீச்சல் தெரியாதவர்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்பது சினிமா. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும்; மூச்சுக்கே நேரம் போதாதபோது கத்த முடியாது. கைகள் தாமாகப் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். இந்த நிலை 20 முதல் 60 விநாடிதான் நீடிக்கும். சத்தமே இருக்காது. பத்தடி தள்ளித் துணி துவைக்கிறவருக்குத் தெரியாமல் ஒரு குழந்தை போய்விட முடியும். அந்த நிலையில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததை அமுக்கி மேலே ஏறப் பார்ப்பார். அது உங்கள் தலையாகவும் இருக்கலாம்.

ஆகவே நீந்திப் போவது கடைசி வழி. கம்பை நீட்டு, சேலையை வீசு, மிதப்பதை எறி. மனித உடல் நன்னீரில் கிட்டத்தட்ட மிதக்கக்கூடியதே. தலையை மட்டும் வெளியே நிறுத்த ஐந்து கிலோ அளவு மிதப்பு விசை இருந்தால் போதும். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி மூடிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன் அதைத் தருகிறது. நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் மனம் வலிக்கும் இடம். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிறோம், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறோம். நுரையீரலில் போனது பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீர்தான். வயிற்றை அமுக்கினால் உள்ளிருக்கும் சோறும் நீரும் மூச்சுக்குழலுக்குப் போகும். மூழ்கியவரின் இதயம் நின்றிருந்தால் அதற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாமை. அதனால் மூச்சு கொடுப்பதில் தொடங்க வேண்டும். மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைத் தாழ்த்தி முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. பெரியவர்களுக்கு ஐந்து செண்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் மூளை அணுக்கள் சாகத் தொடங்கும். எந்த ஊரிலும் ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது அரிது.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர். அது வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் மீட்புப் படை. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியே இல்லாத பொதுமக்கள் இடிபாட்டில் புகுந்து சுமார் 800 பேரை உயிரோடு எடுத்தார்கள். அந்த முயற்சியில் அவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை குடிமக்களுக்கென்றே பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. எப்படியும் ஓடி வரப்போகிறவர்களுக்கு எப்படி ஓடி வருவது என்று சொல்லிக்கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

நமக்கு அருகிலும் இடிபாடு நடந்திருக்கிறது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் தலித் மக்களின் வீடுகள்மேல் சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். அங்கே பிழை மீட்பில் இல்லை, சுவரை நிற்கவிட்டதில் இருந்தது. ஆனால் உயிரோடு புதைந்தவர் இருக்கக்கூடிய இடிபாட்டில் பயிற்சி பெற்றவர் முதலில் செய்வது எல்லோரையும் வாய்மூடச் சொல்வது. ஒரு நிமிடம் ஜேசிபி நிற்கும், அழுகை நிற்கும். கல்லில் தட்டும் ஓசை, முனகல் கேட்கும். இரண்டாவது, கால்மேல் பலமணி நேரம் பாறாங்கல் கிடந்தவரை அவசரப்பட்டு உருவக் கூடாது. 1941-இல் லண்டனில் குண்டுவீச்சு இடிபாட்டிலிருந்து நன்றாகப் பேசிக்கொண்டே மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியமும் தசைப் புரதமும் பாரம் நீங்கியதும் இரத்தத்தில் பாய்கின்றன. பாரத்தை எடுக்கும் முன்பே சலைன் ஏற்றத் தொடங்குவது இன்றைய முறை.

ஆப்தா மித்ரா என்ற மத்திய அரசுத் திட்டம் 2016-இல் வெள்ள அபாயம் மிகுந்த 30 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 200 பேர் என்று தொடங்கியது. பிறகு 2021-இல் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர் என்று விரிந்தது. பயிற்சி 12 நாள். நல்ல திட்டம், இன்னும் பெரிதாக வேண்டும். இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். அதன் அடித்தளம் வெள்ளம், புயல், நிலச்சரிவு. மேட்டுநிலத்து ஊர்களுக்குக் கிணறே ஒரு முழுநாள் பாடமாக வேண்டும், நான்கு வாயு மானியைத் தொட்டுப் பழகும் பாடமாக. அடுத்தது, நெஞ்சழுத்தப் பயிற்சி மூன்று முதல் ஆறு மாதத்தில் கையைவிட்டுப் போகத் தொடங்கும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சான்றிதழ் சுவரில் இருக்கும், திறமை கையில் இருக்காது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள், உறியடியோடு ஒரு முடிச்சுப் போட்டியும் நெஞ்சழுத்தப் போட்டியும் வைத்தால் அந்த மறதி வராது.

பயிற்சிக்குப் போக முடியாதவர்களுக்கும் இன்றைக்கே ஒரு வேலை உண்டு. உங்கள் தோட்டத்துக் கிணற்றின் ஆழம், தண்ணீர் மட்டம், படி இருக்கிறதா, தீயணைப்பு வண்டி எந்தத் தடத்தில் கிணற்றடி வரை வரலாம் என்ற நான்கையும் மோட்டார் ரூம் கதவில் பெயிண்டால் எழுதி, கீழே 101 என்று போடுங்கள். விளிம்பில் ஒரு பழைய லாரி டியூபும் நீளக் கயிறும் எப்போதும் தொங்கட்டும். தூர் வார ஆள் இறங்கும் நாளில், அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.